“அரை மாத்திரைதானே!” – வீட்டில் இருக்கும் வாந்தி மருந்தைப் பற்றி

(மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம். வாசகர்களுக்காகச் சற்று விரித்து எழுதப்பட்டுள்ளது.)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை, மருந்தாளுநரும் இல்லை. இதழியல் படித்துவிட்டு, அரசின் சேவைகளைப் பற்றி எழுதுகிற வேலை பார்க்கிறவள். வாந்தி மாத்திரையைப் பற்றிப் பேச உனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான். எங்கள் வீட்டில் நடந்த ஒரு காலைப்பொழுதுதான் என் தகுதி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அக்கா பையனுக்கு அப்போது நான்கு வயது. விடுமுறைக்கு எங்கள் ஊருக்கு வந்திருந்தான். ஒரு நாள் சாயங்காலம் பானிபூரி கடையில் நின்றுவிட்டு வந்தவன், ராத்திரி எட்டு மணிக்கு வாந்தி எடுக்க ஆரம்பித்தான். இரண்டு தடவை, மூன்று தடவை. அம்மாயி எழுந்து போய் அலமாரியில் இருந்த பிஸ்கட் டின்னைத் திறந்தார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு டின் இருக்கும். பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள், ஒட்டிப்போன சிரப் பாட்டில், யாருக்கு எப்போது வாங்கினோம் என்றே தெரியாத களிம்பு. அதில் அம்மாயிக்கு முன்பு எப்போதோ எழுதிக் கொடுத்த வாந்தி மாத்திரை மிச்சம் இருந்தது. “சின்னப் பையன், முழுசு வேண்டாம், அரை மாத்திரை போதும்” என்று உடைத்துத் தேனில் குழைத்துக் கொடுத்தார். நள்ளிரவில் மறுபடி வாந்தி. மறுபடி அரை. விடியற்காலையில் இன்னொரு அரை. வாந்தி நின்றுவிட்டது. எல்லோரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

காலை ஒன்பது மணிக்கு அக்கா அலறிய சத்தம் கேட்டு ஓடினேன். பையனின் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு நின்றது. கண் இரண்டும் மேலே செருகியபடி அப்படியே இருந்தன. நாக்கு வெளியே தள்ளியது. ஆனால் நினைவு தப்பவில்லை. அழுதான், “அம்மா” என்று குழறலாகக் கூப்பிட்டான். பக்கத்து வீட்டுக்காரர் வலிப்பு என்று சொல்லி இரும்புச் சாவியைக் கையில் திணித்தார். எதிர்வீட்டுப் பாட்டி காத்து கருப்பு அண்டியிருக்கும் என்று திருநீறு எடுக்கப் போனார். ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்கு ஓடினோம்.

பணியில் இருந்த மருத்துவர் பையனைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “வாந்திக்கு ஏதாவது மாத்திரை குடுத்தீங்களா?”

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. அம்மாயிதான் மெதுவாகச் சொன்னார், “அரை மாத்திரைதான் சாமி குடுத்தேன்.”

ஓர் ஊசி போட்டார்கள். அரை மணி நேரத்தில் கழுத்து நேராகிவிட்டது. பையன் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். மாலை வரை கண்காணிப்பில் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். அம்மாயி அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை.

அந்த மாத்திரையின் பெயர் மெட்டோகுளோபிரமைடு. வாந்தியை நிறுத்தும் பழைய மருந்துகளில் ஒன்று. நாம் எல்லோரும் வாந்தி மாத்திரை என்றால் அது வயிற்றில் போய் வேலை செய்கிறது என்றுதான் நினைக்கிறோம். வயிற்றிலும் செய்கிறது. ஆனால் வாந்தி எடு என்று உத்தரவு போடும் இடம் மூளையில் இருக்கிறது. அங்கே டோபமைன் என்ற வேதிப்பொருளின் வேலையைத் தடுத்துத்தான் இந்த மருந்து வாந்தியை அடக்குகிறது. அதே டோபமைன்தான் நம் தசைகளின் அசைவையும் ஒழுங்குபடுத்துகிறது. அதைத் தடுத்தால் சிலருக்குக் கழுத்து, தாடை, கண், நாக்கு ஆகியவற்றின் தசைகள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். குழந்தைகளுக்கும் இளவயதினருக்கும்தான் இது அதிகம் வரும். பெரும்பாலும் மருந்து கொடுத்த ஓரிரு நாளுக்குள் வரும். ஐரோப்பிய மருந்து முகமை 2013-லேயே இந்த மருந்தை ஒரு வயதுக்குக் கீழ் கொடுக்கவே கூடாது, பெரியவர்களுக்கும் ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம் என்று கட்டுப்படுத்தியது. எங்கள் டின்னில் இருந்த அட்டைக்கு இதெல்லாம் தெரியுமா?

இன்னொன்றையும் கவனியுங்க. நாம் “வாந்தி மாத்திரை” என்று ஒரே பெயரில் சொல்வது ஒரே மருந்து இல்லை. ஆன்டான்செட்ரான், டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு, புரோமெத்தசின், புரோகுளோர்பெரசின் என்று ஐந்தாறு வெவ்வேறு மருந்துகள். ஒவ்வொன்றும் வேலை செய்யும் விதம் வேறு, ஆகாத ஆளும் வேறு. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். இனிமேல் அந்தப் பொடி எழுத்தைப் படிங்க. கண் தெரியாவிட்டால் வீட்டில் படிக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லுங்க.

சரி, குழந்தை வாந்தி எடுத்தால் என்னதான் செய்வது?

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கு அது கிருமித் தொற்று. ஓரிரு நாளில் வாந்தி தானாக அடங்கும். அதுவரை ஆபத்து வாந்தியில் இல்லை, உடம்பில் நீர் வற்றுவதில்தான் இருக்கிறது. ஆகவே முதல் மருந்து உப்பு சர்க்கரைக் கரைசல், அதாவது ஓஆர்எஸ். “குடிச்சதும் வாந்தி எடுத்துடறான், எப்படிக் குடுக்கறது?” என்று எல்லா அம்மாக்களும் கேட்கிறார்கள். டம்ளரோடு கொடுத்தால் அப்படித்தான். வாந்தி எடுத்த பிறகு பத்து நிமிடம் சும்மா விடுங்க. பிறகு ஒரு ஸ்பூன். இரண்டு மூன்று நிமிடம் கழித்து இன்னொரு ஸ்பூன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கொடுக்க வேண்டிய வேலை இது. பொறுமைதான் சோதிக்கப்படும். தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்குப் பாலை நிறுத்த வேண்டாம்.

ஓஆர்எஸ் கலப்பதில் நடக்கிற தப்பு ஒன்று உண்டு. ஒரு லிட்டர் தண்ணீருக்கான பாக்கெட்டைப் பிரித்து, ஒரு டம்ளருக்குக் கொஞ்சம் என்று கண்ணளவில் கொட்டிக் கலப்பது. உப்பு கூடினால் குழந்தைக்குக் கெடுதல். குறைந்தால் பலன் இல்லை. பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் என்று போட்டிருக்கும், ஒரு லிட்டரா 200 மில்லியா என்று பார்த்து, முழு பாக்கெட்டையும் அந்த அளவு காய்ச்சி ஆறிய தண்ணீரில் கலந்து, ஒரு நாளுக்குள் பயன்படுத்தி மிச்சத்தைக் கொட்டிவிடுங்க. கடையில் அட்டை டப்பாவில் விற்கிற இனிப்பு பானம் எல்லாம் ஓஆர்எஸ் ஆகாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் ஓஆர்எஸ் பாக்கெட்டைக் காசில்லாமல் வாங்கிக்கொள்ளலாம். வயிற்றுப்போக்கும் இருந்தால் கூடவே துத்தநாக மாத்திரை கொடுப்பார்கள். போக்கு நின்றாலும் 14 நாள் கொடுத்து முடிக்க வேண்டும். நம் வீடுகளில் மூன்றாம் நாளே அதை மறந்துவிடுகிறோம்.

வாந்தி நிற்காமல், ஓஆர்எஸ் உள்ளே தங்கவே இல்லை என்றால், மருத்துவர் ஆன்டான்செட்ரான் எழுதலாம். குழந்தைகளுக்கு இப்போது அதிகம் எழுதப்படுவது அதுதான். அளவைக் குழந்தையின் எடையை வைத்துத்தான் கணக்கிடுவார்கள், வயதை வைத்து அல்ல. ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. 10 கிலோ குழந்தைக்கு 1.5 மில்லிகிராம். பெரியவர்களுக்கான மாத்திரை 8 மில்லிகிராம் என்றால், குழந்தைக்கு வேண்டியது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நீங்கள் அரையாக உடைத்தால் 4 மில்லிகிராம், தேவையைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல். “அரை மாத்திரைதானே” என்ற சொல்லில் இருக்கிற கோளாறு இதுதான். நீங்களாகக் கொடுப்பதற்காக இந்தக் கணக்கைச் சொல்லவில்லை, உடைக்கிற கை ஒரு நிமிடம் நிற்கட்டும் என்று சொன்னேன்.

சிரப் என்றால், கூட வருகிற மூடியிலோ ஊசியில்லாத சிரிஞ்சிலோ அளந்து ஊற்றுங்க. சமையலறை ஸ்பூன் வீட்டுக்கு வீடு வேறு. டிராப்ஸும் சிரப்பும் ஒரே மருந்து என்று மாற்றி ஊற்றவே கூடாது. சொட்டு மருந்து பல மடங்கு அடர்த்தியாக இருப்பதுண்டு. மருந்து கொடுத்த கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்துவிட்டால், நீங்களாக மறுபடி கொடுக்காமல், கொடுத்த எத்தனையாவது நிமிடம் வாந்தி எடுத்தான் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு கேளுங்க.

கைக்குழந்தை பால் குடித்ததும் கொஞ்சம் கக்குவதை வாந்தி என்று நினைத்து டோம்பெரிடோன் சொட்டு மருந்து வாங்கிக் கொடுக்கிற பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது, சிரித்து விளையாடுகிறது என்றால் கக்குவதற்கு மருந்தே வேண்டாம். தோளில் போட்டு ஏப்பம் வரத் தட்டினால் போதும். பிரிட்டனில் 2019-லிருந்து 12 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு டோம்பெரிடோனுக்கு அனுமதியே இல்லை. இதயத் துடிப்பின் லயத்தைக் கெடுக்கலாம் என்பது ஒரு காரணம். குழந்தைகளுக்கு அதனால் பெரிய பலன் இல்லை என்பது இன்னொரு காரணம்.

டோம்பெரிடோன் என்றதும் பெரியவர்கள் பக்கம் வர வேண்டியிருக்கிறது. “எனக்கு வாந்தியே இல்லையே, நான் ஏன் அதைச் சாப்பிடப்போறேன்” என்பீர்கள். காலையில் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை போடுகிறவர்கள் எத்தனை பேர் என்று அந்தக் கூட்டத்தில் கேட்டேன். பாதிக் கைகள் உயர்ந்தன. அந்த மாத்திரையின் பெயருக்குப் பின்னால் டி என்றோ டிஎஸ்ஆர் என்றோ எழுத்து இருக்கிறதா பாருங்க. இருந்தால், பெரும்பாலும் அமிலத்தைக் குறைக்கிற மருந்தோடு டோம்பெரிடோனும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். வாந்தி, குமட்டலுக்கு டோம்பெரிடோனை ஒரு வாரத்துக்கு மேல் கொடுக்க வேண்டாம், ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் தாண்ட வேண்டாம் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014-ல் சொன்னது. நம் ஊரில் அதை ஆறு மாதம், இரண்டு வருடம் என்று காபிக்கு முன்னால் விழுங்கிக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு. யாரோ ஒரு மருத்துவர் என்றைக்கோ பத்து நாளைக்கு எழுதிய சீட்டு, அப்படியே வழக்கமாகிவிட்டது. அறுபது வயதைத் தாண்டியவர்களும், இதயக் கோளாறு உள்ளவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அசித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாடிக், ஃபுளுகோனசோல் போன்ற பூஞ்சை மருந்து ஆகியவற்றோடு டோம்பெரிடோனோ ஆன்டான்செட்ரானோ சேரும்போது இதயத் துடிப்புக் கோளாறு வரும் வாய்ப்பு கூடுகிறது. அடுத்த முறை போகும்போது அட்டையைக் காட்டி, “இது எனக்கு இன்னும் வேணுங்களா?” என்று கேளுங்க. கேட்பதில் வெட்கம் இல்லை.

தலைசுற்றலுக்கு வயதானவர்கள் மாதக்கணக்கில் போடுகிற புரோகுளோர்பெரசின், சின்னரிசின் மாத்திரைகளும் இப்படித்தான். நாளடைவில் கை நடுங்கும், நடை தளர்ந்து சுருங்கும், முகத்தில் உணர்ச்சி குறையும். வயசாகிடுச்சு என்று வீட்டில் சொல்லிக்கொள்வோம். மாத்திரைதான் காரணமாக இருந்தால், மருத்துவர் அதை நிறுத்திய பிறகு பெரும்பாலும் மெல்லச் சரியாகிவிடும். ஏற்கெனவே பார்க்கின்சன் நோய் உள்ளவருக்கு மெட்டோகுளோபிரமைடும் புரோகுளோர்பெரசினும் ஆகவே ஆகாது. வாந்திக்கு ஊசி போடும் முன் அந்த நோய் இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்க.

பஸ் வாந்தி பற்றிப் பேசாமல் போனால் எங்கள் ஊர்க்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. நாற்பதாவது வளைவில் வாந்தி வந்த பிறகு மாத்திரை போட்டு ஒரு பயனும் இல்லை. பயண வாந்திக்கான மாத்திரை, புறப்படுவதற்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன்னால் போட்டால்தான் வேலை செய்யும். பெரும்பாலும் அது புரோமெத்தசின் வகை. நன்றாகத் தூக்கம் வரும். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது, மது அருந்தவும் கூடாது. இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்குப் புரோமெத்தசின் கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து இருக்கிறது. குழந்தை அழாமல் தூங்கட்டும் என்று பயணத்தில் கொடுக்கிற வழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்க. முன் இருக்கை, திறந்த சன்னல், தூரத்து மலையைப் பார்க்கிற கண், கையில் செல்போன் இல்லாமை, வயிறு முட்டச் சாப்பிடாமல் ஏறுவது. பாதிப் பேருக்கு இதுவே போதும். எலுமிச்சம்பழம் மோந்து பார்ப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை, தாராளமாக மோந்து பாருங்க.

கர்ப்பிணிகளின் மசக்கை வாந்திக்கு உலகமே கற்றுக்கொண்ட பாடம் ஒன்று இருக்கிறது. ஜெர்மனியில் 1957-ல் தாலிடோமைடு என்ற தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. மசக்கைக்கும் நல்லது என்று பல நாடுகளில் கொடுத்தார்கள். 1961-ல் திரும்பப் பெறுவதற்குள் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் வளராமல் பிறந்துவிட்டன. அதற்காக மசக்கைக்கு மருந்தே கூடாது என்று பட்டினி கிடக்கவும் வேண்டாம். டாக்சிலமைனும் பைரிடாக்சினும் சேர்ந்த மாத்திரை நீண்ட காலமாகப் பயன்படுகிறது, பாதுகாப்பானது என்று ஏற்கப்பட்டது. மருத்துவரைப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம். தண்ணீர்கூடத் தங்கவில்லை, எடை குறைகிறது, சிறுநீர் குறைந்து கறுத்துப் போகிறது என்றால் உடனே மருத்துவமனைக்குப் போகணும்.

புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்கள் வீட்டில் இதற்கு நேர்மாறான தப்பு நடக்கிறது. “வாந்திதான் வரலையே, எதுக்கு மாத்திரை” என்று நிறுத்திவிடுவது. அங்கே வாந்தி வராமல் தடுக்கத்தான் மாத்திரை. சொன்ன நாள் வரைக்கும் சொன்ன நேரத்துக்குப் போடணும்.

இப்போது முக்கியமான ஒன்று. வாந்தி என்பது சில நேரம் வேறு எதற்கோ அடிக்கிற மணி. மணியை நிறுத்திவிட்டால் வீட்டுக்குள் நடப்பது தெரியாது. ஐம்பது வயதுக்காரர், சர்க்கரை நோய் உள்ளவர், மேல்வயிற்றில் எரிச்சல், குப்பென்று வியர்வை, வாந்தி என்றால் அது கேஸ் ஆக இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம். தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தியோடு எழுந்து, இமையைத் தூக்க முடியவில்லை என்றால், பல் தடமே இல்லாவிட்டாலும் கட்டுவிரியன் கடித்திருக்கலாம். தலையில் அடிபட்ட பிள்ளை கொஞ்ச நேரம் கழித்து வாந்தி எடுப்பது, பச்சிளங்குழந்தை பச்சை நிறத்தில் வாந்தி எடுப்பது, வாந்தியில் ரத்தம், சில வாரமாகத் தாகமும் அடிக்கடி சிறுநீருமாக இருந்த பிள்ளை திடீரென்று வாந்தி எடுத்து வேகமாக மூச்சு வாங்குவது, இவை எதற்கும் டின்னைத் திறக்கவே கூடாது. 108-ஐ அழையுங்க. அரளி விதையோ மண்ணெண்ணெயோ பூச்சிமருந்தோ உள்ளே போயிருந்தால், நீங்களாக வாந்தி எடுக்கவும் வைக்காதீங்க, வாந்தியை நிறுத்தவும் செய்யாதீங்க. பாட்டிலையோ விதையையோ கையோடு எடுத்துக்கொண்டு போங்க. குழந்தை ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் குழி விழுந்து துவண்டு கிடக்கிறது என்றாலும் காத்திருக்க வேண்டாம்.

அவசரம் இல்லை, சந்தேகம்தான் என்றால் 104-க்குப் போன் போட்டு மருத்துவ ஆலோசனை கேட்கலாம். ராத்திரியிலும் எடுப்பார்கள். எங்கள் அம்மாயி டின்னைத் திறந்த அந்த எட்டு மணிக்கு, அந்த எண் எங்களில் ஒருத்தருக்கும் ஞாபகம் வரவில்லை. அரசுச் சேவைகளைப் பற்றி எழுதிச் சம்பளம் வாங்குகிற நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

மருந்தால் பக்கவிளைவு வந்தது என்று நினைத்தால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில், இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு நீங்களே சொல்லலாம். மருத்துவர்தான் சொல்லணும் என்று இல்லை.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஓர் அக்கா வந்து, “அப்போ அந்த டின்னை என்ன பண்றது கண்ணு?” என்று கேட்டார். எங்கள் வீட்டில் செய்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் பாயில் கொட்டினோம். தேதி முடிந்தது, பெயர் அழிந்தது, திறந்து நாளான சிரப் எல்லாவற்றையும் தனியே எடுத்து, மாத்திரைகளை உரித்துக் காபித்தூள் சக்கையோடு பிசைந்து, பையில் கட்டிக் குப்பையில் போட்டோம். மிச்சம் இருந்த ஒவ்வோர் அட்டையிலும், யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் எழுதியது என்று பேனாவால் எழுதினோம். மாத்திரையை அட்டையின் பெயர் இருக்கிற பக்கத்திலிருந்து கிழிக்காமல், அடுத்த பக்கத்திலிருந்து எடுக்கப் பழகினோம். டின் இப்போது பரணில், பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. அதன் மேல் 104 என்று அம்மாயி சுண்ணாம்பால் எழுதி வைத்திருக்கிறார். அது அழிய அழிய மறுபடியும் எழுதுகிறார்.